வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுத்தேன்

பட்டாபிராம்
9 ஜூன் 2024

அன்புள்ள நாத்தனார் புஷ்பாவுக்கு,

மரியே வாழ்க. உன் முட்டி எப்படி இருக்கிறது? பக்கவாதம் வந்த உன் வீட்டுக்காரர் செல்வகுமார் அண்ணனின் கைக்கு எண்ணெய் போட்டு நீவிவிடும் ஆள் இன்னும் வருகிறாரா? ஜபல்பூரில் வெயில் கொளுத்துகிறது என்று டிவியில் சொன்னார்கள். இரண்டு பேரும் பகலில் வெளியே தலை காட்டாதீர்கள்.

போனில் கேட்டுவிடலாம்தான். ஆனால் உனக்குக் காது மந்தமானதிலிருந்து நான் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டு ஜெகதாம்பாள், "இன்னா தெரசா, யாராண்ட சண்ட?" என்று ஓடி வந்துவிடுகிறாள். நமக்குக் கடிதம்தான் லாயக்கு.

இங்கே ஒரு குறையும் இல்லை. மகன் பெனிட்டோ மஸ்கட்டிலிருந்து வாரம் தவறாமல் பேசுகிறான். மகள் ரெனிதா ஞாயிறு தோறும் அயனம்பாக்கத்திலிருந்து வந்து என்னைப் பூசைக்குக் கூட்டிப்போகிறாள். அடுப்படி வேலை ரொம்பக் குறைந்துவிட்டது. ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைப்பது? கொஞ்சம் கஞ்சி, இல்லையென்றால் ஒரு பன். பின்பக்கத்து முருங்கை காய்த்துத் தள்ளுகிறது. தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் பறித்துக் கொடுக்கிறேன். என்னைப் பற்றி நீ கவலைப்படாதே.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அண்ணி தெரசா


ஜபல்பூர்
22 ஜூன் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய். என் முட்டி போயே போய்விட்டது. இவருக்குக் கை இன்னும் வரவில்லை, பேச்சு மட்டும் வந்துவிட்டது. நாள் முழுக்க என்னைத் திட்டுகிறார், ஆண்டவருக்கு நன்றி. நான் உண்மையை எழுதிவிட்டேன். இப்போது நீங்கள் எழுதுங்கள்.

பிப்ரவரியில் ஜெயபால் அண்ணன் போனதிலிருந்து எனக்கு நாலைந்து கடிதம் போட்டுவிட்டீர்கள். முருங்கைக்காய் வந்தது, ஜெகதாம்பாள் வந்தாள், அண்ணனைப் பற்றி ஒரு வரி வரவில்லை. நீங்கள் புருஷன் பெயரைச் சொல்லமாட்டீர்கள், தெரியும். "உன் அண்ணன்" என்றுகூடவா எழுதக்கூடாது?

ரெனிதா எனக்கு மெசேஜ் போட்டிருக்கிறாள். சுகர் மாத்திரை அட்டை பிரிக்காமலே கிடக்கிறதாம். பூசை நடுவில் மயங்கி விழுந்தீர்களாம். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று தொங்குகிறதாம். இப்படியே சாப்பிடாமல் மருந்தும் எடுக்காமல் இருந்தால் அடுத்த வருடம் நீங்கள் இருக்கமாட்டீர்கள் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னாராம். அம்பத்தூரில் மனநல டாக்டர் ஒருவரிடம் போகச் சொன்னதற்கு, "எனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டீர்களாம்.

அண்ணன் சாவுக்கு இவரைப் படுக்கையில் விட்டுவிட்டு என்னால் வர முடியவில்லை. உங்கள் சாவுக்கும் வர முடியாது. அதனால் தயவுசெய்து இருங்கள். டாக்டரிடம் போங்கள்.

கோபத்தோடும் அன்போடும்,
புஷ்பா


பட்டாபிராம்
21 ஜூலை 2024

அன்புள்ள புஷ்பாவுக்கு,

நலம், நலமே கேட்க ஆசை என்று எழுதினால் நீ மறுபடியும் சண்டைக்கு வருவாய். சுமாராக இருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரெனிதாவை நன்றாகத் திட்டினேன். திட்டி முடித்ததும் அவளோடு ரயிலேறி அம்பத்தூர் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் முதியோர் மனநலம் என்று கொட்டை எழுத்தில் போர்டு. தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன ஆவது என்று முக்காடு போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தால், வரிசையில் யார் தெரியுமா? ஆவடி குவார்ட்டர்ஸில் நமக்கு எதிர்வீட்டுத் தசரதன்! அவர் துண்டால் முகத்தை மூடியிருந்தார். இரண்டு பேரும் முன்பின் பார்த்திராதவர்கள் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ரெனிதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டாக்டர் மருந்து எழுதினார். பிறகு மைதிலி என்று ஒரு பெண்ணிடம் அனுப்பினார். இவள் மருந்து தருவதில்லை, பேச வைக்கிறாள். உட்கார்ந்ததும், "உங்ககிட்ட என்னென்ன இருக்கும்மா?" என்று கேட்டாள். சுகர், பிரஷர், இடது கண்ணில் புரை என்று ஆரம்பித்தேன். சிரித்துவிட்டாள்.

"அதையெல்லாம் டாக்டர் எழுதி வெச்சிட்டாரும்மா. நான் கேக்கறது வேற. இதுக்கு முன்னாடி கஷ்டம் வந்தப்போ உங்களைத் தாங்குனது எது? ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடுவீங்க? எந்த வேலை உங்களுக்குத் தன்னால வரும்? வயசானவங்ககிட்ட நெறைய இருக்கும். அதைத் தெரிஞ்சுக்கிட்டாதான் அதை வெச்சு உங்களை எழுப்பி உக்கார வைக்க முடியும்."

நல்ல பெண்தான். ரொம்ப நேரம் யோசித்தேன். முருங்கை மரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அண்ணனுக்கு என் அன்பு.

தெரசா


ஜபல்பூர்
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

போய்வந்ததற்குக் கோடி நன்றி. மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். இவரும் "உங்க அண்ணி கெட்டிக்காரி" என்றார். என்னை அப்படிச் சொன்னதே இல்லை.

ஆனால் முருங்கை மரமா! அந்தப் பெண்ணிடம் போய் இதைச் சொல்லுங்கள். எங்கள் அம்மா இறந்த அன்று நாங்கள் பிள்ளைகள் எல்லாம் மார்பில் அடித்துக்கொண்டு கிடந்தோம். மருமகள் நீங்கள்தான் அம்மாவைக் குளிப்பாட்டி, வாய்க்கட்டுக் கட்டி, கையில் செபமாலை சுற்றி, சாமியாருக்குச் சொல்லியனுப்பி, வந்தவர்களுக்குக் காபி கொடுத்தீர்கள். எங்கள் வீடு மட்டுமா? குவார்ட்டர்ஸில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் நிற்கிறவர் நீங்கள். அப்துல் ரசாக்கின் அப்பா போனபோதுகூட, அவர்கள் முறை உங்களுக்குத் தெரியாது என்றாலும், அந்த வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து சோறு போட்டீர்கள். தெரசாக்கா வந்துவிட்டார் என்றால் அழுகிறவர்களுக்கு மூச்சு வரும். இது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

கூச்சப்படாமல் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்றும் எழுதுங்கள்.

உங்கள்
புஷ்பா


பட்டாபிராம்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள புஷ்பாவுக்கு,

இங்கே நல்ல மழை. அங்கே எப்படி?

நீ எழுதினதை மைதிலியிடம் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். "எவ்வளவு பெரிய பலம்மா இது!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் நாலு வீட்டுக்குப் போய் நின்றால் எனக்கே தெம்பு வரும் என்றாள். எங்கள் தெருக்கோடியில் போன வாரம் ஒரு சாவு. அங்கே போய் அந்த அம்மாவோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரச் சொன்னாள். சரி என்றேன்.

வேறு விசேஷம் இல்லை.

தெரசா


ஜபல்பூர்
20 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

ஆண்டவர் உங்களை நல்லபடி வைத்திருப்பாராக. தெருக்கோடி வீட்டுக்குப் போனீர்களா? அந்த அம்மா எப்படி இருக்கிறார்? மைதிலி என்ன சொன்னாள்? இத்தனை கேள்வி கேட்டிருக்கிறேன், ஒன்றுக்காவது பதில் போடுங்கள்.

புஷ்பா


ஜபல்பூர்
12 அக்டோபர் 2024

அண்ணி,

ரெனிதா சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டீர்களாம். மாத்திரை மறுபடியும் அப்படியே இருக்கிறதாம். ஏன் என்று கேட்டால் எழுந்து உள்ளே போய்விடுகிறீர்களாம்.

திட்டுவதற்காக எழுதவில்லை. பயமாக இருக்கிறது. ஒரு வரி போடுங்கள், போதும்.

புஷ்பா


பட்டாபிராம்
3 நவம்பர் 2024

அன்புள்ள புஷ்பா,

உன்னைக் காக்க வைத்துவிட்டேன். நேற்று கல்லறைத் திருநாள். ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைக்குப் போனது. ரெனிதா வந்து கூப்பிட்டாள். தலை வலிக்கிறது என்று படுத்துக்கொண்டேன். தலை வலிக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததை உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் சொல்கிறேன்.

அவர் போய்விட்டார் என்று தெரிந்ததும் அவர் காலடியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். "தெரசாக்கா, ஐஸ் பெட்டிக்கு யாரக் கூப்புடறது?" "தெரசாக்கா, வாய்க்கட்டுக்குத் துணி எங்க கீது?" "சாமியார் எத்தினி மணிக்கு வர்றாரு?" நானும் எழுந்தேன். எழுந்து பீரோவைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்தேன். அவருக்கு வாய்க்கட்டு நான்தான் கட்டினேன், புஷ்பா. இந்தக் கையால் எத்தனை பேருக்குக் கட்டியிருக்கிறேன், அந்தப் பழக்கத்தில் முடிச்சு சரியாக விழுந்தது. பெனிட்டோவுக்கு விமானம் கிடைத்ததா என்று விசாரித்தேன். டீ பற்றாது என்று இன்னொரு கேன் சொல்லியனுப்பினேன். மாலை வாங்கப் போன ஆள் கரையான்சாவடியிலேயே நின்றுவிட்டான் என்று சத்தம் போட்டேன். கல்லறையில் மண் போடுகிற நேரத்தில், வந்தவர்கள் திரும்பிப் போக வேன் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டி இறங்கியதை நான் பார்க்கவே இல்லை.

எல்லாரும் பாராட்டினார்கள். "கல்லு மாதிரி நின்னுது தெரசாக்கா" என்றார்கள். எல்லாரும் போனபிறகு வீட்டைக் கழுவிவிட்டு உட்கார்ந்தேன். அழலாம் என்று பார்த்தால் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. சோறு இறங்காமல் போனது அதற்குப் பிறகுதான். என் வீட்டில் ஒரு சாவு நடந்தது, அதற்கு நான் வேலைக்காரியாகப் போய்வந்தேன் என்று இருக்கிறது.

இதைத்தான் என் பலம் என்று அந்தப் பெண் சொன்னாள். நீயும் சொன்னாய். உங்கள் மேல் கோபம் இல்லை. தெருக்கோடி வீட்டு வாசல்வரை போனேன். உள்ளேயிருந்து, "தெரசாக்கா வந்துட்டாங்க" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன்.

தெரசா


ஜபல்பூர்
15 நவம்பர் 2024

என் அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை. இவர் வராத கையால் என் முதுகைத் தடவ முயற்சி செய்தார்.

அன்று வந்தவர்களில் ஒருவருக்குமா உங்களை உட்காரவைக்கத் தோன்றவில்லை? நான் இருந்திருந்தால் பீரோ சாவியைப் பிடுங்கியிருப்பேன். இருந்திருந்தால் என்று எழுதி என்ன பிரயோசனம். நானும் மற்றவர்களைப் போல, உங்களால் முடியும் என்று சொல்லிச் சொல்லியே உங்கள் தலையில் ஏற்றியிருக்கிறேன்.

மைதிலியிடம் திரும்பப் போங்கள், அண்ணி. எனக்கு எழுதினதை அப்படியே அவளிடம் சொல்லுங்கள். அவள் தப்பாகக் கணித்துவிட்டாள் என்றால் அதை அவளுக்கு யார் சொல்வது? நீங்கள் சொன்னால்தானே தெரியும். நல்ல பெண் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நல்ல பெண்ணாக இருந்தால் காது கொடுத்துக் கேட்பாள்.

என்னிடம் சொன்னதற்கு நன்றி. இதைவிடப் பெரியதாக நீங்கள் எனக்கு எதுவும் கொடுத்ததில்லை.

புஷ்பா


பட்டாபிராம்
15 டிசம்பர் 2024

அன்புள்ள புஷ்பாவுக்கு,

மரியே வாழ்க. உன் வீட்டில் குடில் வைத்தாயிற்றா? இங்கே தெருவெல்லாம் நட்சத்திரம் தொங்குகிறது. முதலில் நல்ல செய்தி: மாத்திரை சாப்பிடுகிறேன். எப்படி என்று சொல்கிறேன், கேள்.

மைதிலியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும், "உங்க பலம் என்னன்னு கேட்டேன், அது உங்களை என்ன பண்ணுச்சுன்னு கேக்காம வுட்டுட்டேன். என் தப்புதாம்மா" என்றாள். படித்த பெண், அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். எனக்கு அவள் மேல் பிரியம் வந்தது.

"முதல் நாள் கேட்டதுல ஒண்ணுக்கு நீங்க பதிலே சொல்லல. ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடுவீங்க?" என்றாள். யாரையும் கூப்பிட்டதில்லை என்றேன். "அப்போ இந்த வாரம் யார்கிட்டயாவது ஏதாவது கேட்டு வாங்குங்க. அவ்வளவுதான் வைத்தியம்" என்றாள்.

இது ஒரு பெரிய வேலையா என்று நினைத்தேன். ஜெகதாம்பாளிடம் கொஞ்சம் ரசம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கிண்ணம் நிறையக் கொடுத்தாள். குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் மைதிலியிடம் பெருமையாகச் சொன்னேன். "கிண்ணத்தை எப்படிம்மா திருப்பிக் குடுத்தீங்க?" என்று கேட்டாள். முருங்கைக்கீரை பொரியல் வைத்துத்தான், வெறும் பாத்திரத்தை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா என்றேன்.

"அப்போ நீங்க வாங்கவே இல்லம்மா. அன்னிக்கே கணக்கு தீத்துட்டீங்க. மறுபடியும் வாங்குங்க. இந்த தடவை கிண்ணம் காலியா போகணும்."

புஷ்பா, உனக்குத் தெரியும், நம் வீட்டில் அடுத்தவர் பாத்திரம் வெறுமனே போனதே கிடையாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சர்க்கரையாவது போட்டு அனுப்புவோம். மறுபடியும் ரசம் வாங்கினேன். கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு முறை சர்க்கரை டப்பாவைத் திறந்து மூடினேன். கடைசியில் வெறும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டு கேட்டில் போய் நின்றேன். உடம்பெல்லாம் கூசியது.

ஜெகதாம்பாள் கிண்ணத்துக்குள் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"இத்தினி வருசமா நானு ஒண்ணு குடுத்தா நீ ரெண்டா திருப்பிக் குடுப்ப. எங்கள ஒரு நாளு உனுக்கு செய்ய வுட்டியா நீ? எங்க ஊட்டுக்காரு செத்தப்போ மூணு நாளு சோறாக்கிப் போட்ட. உன் ஊட்டுக்காரு செத்தப்போ நானு சோத்தக் கொண்டாந்தா, எனுக்கே தட்டுல போட்டுக் குடுத்த. எனுக்கு எவ்ளோ வலிச்சுது தெரியுமா?"

எனக்குத் தெரியாது, புஷ்பா. நிஜமாகத் தெரியாது. நான் நல்லது செய்வதாகத்தான் நினைத்திருந்தேன்.

அன்றிலிருந்து மதியம் ஆனால் குழம்போடு வந்துவிடுகிறாள். நான் சாப்பிட்டு மாத்திரை போடும் வரைக்கும் எதிரே குந்திக்கொண்டு நகரமாட்டாள். வாய் ஓயாமல் பேசுகிறாள். ஆனால் சோறு இறங்குகிறது. போன வாரம் சுகர் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடுவீங்க என்று மைதிலி மறுபடியும் கேட்டாள். யோசிக்காமல் ஜெகதாம்பாள் என்றேன்.

அண்ணனுக்கும் உனக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள்.

அன்புடன்,
தெரசா


ஜபல்பூர்
2 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

புத்தாண்டு ஆசீர்வாதம் நிறையட்டும். உங்கள் கடிதத்தைக் கிறிஸ்துமஸ் கேக்கோடு வைத்து இரண்டு பேரும் வாசித்தோம். நீங்கள் வெறும் கிண்ணத்தோடு கேட்டில் நிற்பதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். ஜெகதாம்பாளுக்கு என் சார்பில் ஒரு கும்பிடு. அந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை, எனக்குச் சொந்தத் தங்கை மாதிரி இருக்கிறது.

பிப்ரவரியில் அண்ணனின் வருடப் பூசை வருகிறது. இந்தத் தடவையும் என்னால் வர முடியாது. அன்று நீங்கள் எதையும் தூக்கக்கூடாது, எதையும் தேடக்கூடாது. இது என் உத்தரவு.

புஷ்பா


பட்டாபிராம்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள புஷ்பா,

நேற்று உன் அண்ணனின் வருடப் பூசை நல்லபடி முடிந்தது. பெனிட்டோ வந்திருந்தான். கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்ததும் என் கால் தானாக அடுப்படிக்குப் போனது. மாதாமாதம் வீட்டு முறை வைத்துச் செபம் சொல்கிற நம் அன்பியத்துப் பெண்கள் ஏற்கெனவே உள்ளே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் டீ கேனைத் தூக்கப் போனேன். ஜெகதாம்பாள் என் கையைத் தட்டிவிட்டாள். "நவுரு. உனுக்கு இன்னிக்கு இன்னா வேல? போயி அவராண்ட குந்து" என்றாள்.

போட்டோவுக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு ரெனிதா என்னை உட்காரவைத்தாள். உட்காரத் தெரியவில்லை எனக்கு. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. யாரோ ஒருத்தி வாசலிலிருந்து, "தெரசாக்கா, வாழையில எங்க கீது?" என்று கேட்டாள். நான் எழுந்துவிட்டேன். அதற்குள் அடுப்படியிலிருந்து ஜெகதாம்பாளின் குரல் தெரு முழுக்கக் கேட்டது: "அவள ஒண்ணுங் கேக்காதீங்க! எதுன்னாலும் என்னாண்ட கேளுங்க!"

அவ்வளவுதான், புஷ்பா. திரும்ப உட்கார்ந்தேன். உட்கார்ந்து அழுதேன். ஒரு வருடத்து அழுகை. பெனிட்டோ பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். ரெனிதா என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். யாரும் என்னை எழுப்பவில்லை. பந்தி நடந்தது, பாத்திரம் கழுவினார்கள், எல்லாம் தானாக நடந்தது. எனக்கு எதுவும் தெரியாது. இத்தனை பேர் எனக்காக இருந்தார்கள் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அவர்களுக்கும், மைதிலிக்கும், என்னை விடாமல் திட்டின உனக்கும் நான் என்ன சொல்வேன்? ஆண்டவர் உங்கள் எல்லாரையும் நன்றாக வைக்கட்டும்.

இன்னொன்று பாக்கி. இதை உனக்கு நான்தான் சொல்லியிருக்க வேண்டும். போன வருடம் அன்று எனக்கு வேலை இருந்தது, ரெனிதாவை விட்டு மெசேஜ் போடச் சொல்லிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

புஷ்பா, உன் அண்ணன் ஜெயபால் இறந்துவிட்டார். காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலி ஒன்றும் இல்லை, முகம் நன்றாக இருந்தது. முந்தின நாள் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். சின்ன வயதில் நீ மிதிவண்டியிலிருந்து விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்தார். உன்மேல் உயிரையே வைத்திருந்தார். நீ அழு, அம்மா. நானும் அழுதுகொண்டுதான் எழுதுகிறேன்.

உன் அண்ணி,
தெரசா ஜெயபால்